முகம் வராத பாட்டு

2024 செப்டம்பர் 4

காலையில் ஏரித் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. எட்டுப் பேர் இறங்கினோம். இறால் சுமார்தான். பவுனம்மாள் அத்தையின் விரலை நண்டு பிடித்துவிட்டது. அதைத் திட்டிக்கொண்டே, வாயில் கடித்திருந்த ஓலைக் கூடைப் பறிக்குள் போட்டார்.

கரையேறும்போது சென்னையிலிருந்து வந்த ஒருவர் காத்திருந்தார். பெயர் சந்தோஷ். பாட்டு வீடியோ எடுக்கிற கம்பெனியில் மேனேஜராம். "கையால இறால் தடவுற பொம்பளைங்களைப் பத்தி ஒரு பாட்டுக்கா. உங்க உழைப்பை ஊரே பாக்கப் போகுது" என்றார். எங்கள் தெருவில் பன்னிரண்டாவது முடித்தவள் நான் ஒருத்திதான். அதனால் எதுவாக இருந்தாலும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

"இன்னா சந்தியா, போலாமா?" என்று அத்தை கேட்டார்.

எங்கள் ஊர் தோணிரேவுக்கு வருகிறவர்கள் படகை எடுப்பார்கள், வலையை எடுப்பார்கள், பறவையை எடுப்பார்கள். படகும் வலையும் இல்லாமல் கையை மட்டும் வைத்துக்கொண்டு இறங்குகிற எங்களை இதுவரை யார் எடுத்தார்கள்?

போலாம் என்று சொன்னேன்.

செப்டம்பர் 9

விடிந்ததும் வண்டிகள் வந்துவிட்டன. நாங்கள் வழக்கம்போலச் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிப் போயிருந்தோம். வெயிலுக்கும் கிளிஞ்சல் கிழிக்காமல் இருப்பதற்கும் அந்தச் சட்டைதான். டைரக்டர் பார்த்துவிட்டு சந்தோஷிடம் ஏதோ சொன்னார். சந்தோஷ் எங்களிடம் வந்து, "சட்டை வேணாம்க்கா. ரியலா இல்லைங்கிறார்" என்றார்.

தினமும் நாங்கள் போடுவது நிஜமில்லையாம். அவர்கள் மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்த மெல்லிய சேலையும் முதுகில்லாத ரவிக்கையும்தான் நிஜமாம். ஹேமா என்னைப் பார்த்தாள். ஹேமாவதி என் வீட்டுக்காரரின் தங்கை, இருபது வயது. "ஒரு நாளுதானே, கட்டிக்கோ" என்றேன்.

கேமராவை ஒரு மிதவையில் வைத்து, தண்ணீர் மட்டத்தில் எங்களுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பறியின் விளிம்பைப் பல்லில் கடித்திருக்கும்போது பேச முடியாது. இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும்போது சேலையை இழுத்து விட முடியாது. இது அவர்களுக்கு முன்பே தெரியுமோ?

இடையில் ஹேமா கேட்டாள்: "அண்ணி, கேமரா இன்னாத்துக்கு பின்னாடியே கீது?"

"முன்னாடியும் எடுப்பாங்க" என்றேன்.

எடுக்கவில்லை.

ஆட வந்த பெண் பெங்களூராம். பறியை எப்படிக் கடிப்பது என்று என்னிடம் கேட்டாள். கடித்துக் கடித்து அவள் ஈறில் ரத்தம் வந்துவிட்டது. காலிலும் கிளிஞ்சல் கிழித்திருந்தது. "இன்னும் குனி, இன்னும் குனி" என்று டைரக்டர் கத்திக்கொண்டே இருந்தார். துணி கிழித்து அவள் காலில் கட்டிவிட்டேன். "பாட்டு வந்ததும் உங்க ஊட்டுல பாப்பாங்களா?" என்று கேட்டேன். "எங்க வீட்ல நான் ஆடுன எதையும் போட மாட்டாங்கக்கா. நானும் பாக்க மாட்டேன்" என்றாள்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் சந்தோஷ் ஒரு காகிதம் நீட்டினார். முழுக்க இங்கிலீஷ். "வந்ததுக்கு ஒரு பதிவுக்கா, அவ்வளவுதான்" என்றார். எட்டுப் பேருக்காகவும் நான் கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 10

முதுகைவிடத் தாடைதான் வலிக்கிறது. ஹேமா இன்று தண்ணீருக்கு வரவில்லை.

அக்டோபர் 31

தீபாவளி. பாட்டு வந்துவிட்டது. ஹேமாவின் போனில் தெருவே கூடிப் பார்த்தது.

பாட்டைத் திறப்பதற்கு முன்பே ஒரு படம் நிற்குமே, அது ஹேமா. கழுத்துக்குக் கீழே.

பாட்டு நாலு நிமிடம். பாடுகிறவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தோணியில் உட்கார்ந்திருக்கிறான். பறியைக் கடித்தபடி அந்தப் பெங்களூர்ப் பெண் தோளுக்கு மேல் பார்த்துக் கண்ணடிக்கிறாள். அவளுக்குப் பின்னால் தண்ணீரில் வரிசையாகக் குனிந்து நாங்கள். மெதுவாக, ரொம்ப மெதுவாக ஓட விட்டிருக்கிறார்கள். இடுப்பில் தண்ணீர் வழிவது, துணி ஒட்டிக்கொள்வது, அப்புறம் எழுதக் கை வராத இடமெல்லாம். "தடவுறியே தடவுறியே, நானும் கொஞ்சம் தடவட்டுமா" என்று பாட்டு. தடவுகிறது என்பது எங்கள் தொழிலின் பெயர். என் அம்மா செய்தது, நான் செய்வது.

எங்களில் யார் முகமும் இல்லை. பவுனம்மாள் அத்தையின் முகம் மட்டும் ஒரு நொடி வருகிறது. பறியைக் கடித்தபடி அவர் நிமிரும்போது, அந்த முகத்தைப் பார்த்துப் பயந்து பாடகன் தண்ணீரில் விழுகிறான். டொய்ங் என்று ஒரு சத்தம். அது சிரிப்புக்காம்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். பிறகு எழுந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். ஆக்கிய கறி அப்படியே இருந்தது.

நான் இடது பக்கத்திலிருந்து மூன்றாவது. சின்ன வயசில் கொதிக்கிற குழம்பு கொட்டிய தழும்பு என் இடுப்பில் இருக்கிறது. அதன்மேல் தண்ணீர் வழிவதைக் கிட்டத்தில் காட்டுகிறார்கள். என் வீட்டுக்காரரைத் தவிர அந்தத் தழும்பை யாரும் பார்த்ததில்லை. அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போனார்.

மகள் சுபஸ்ரீ என் மடியில் வந்து விழுந்தாள். "அம்மா, நீ எங்கம்மா கீற பாட்டுல?"

"என்னை வெட்டிட்டாங்கடி. நான் இல்ல."

நவம்பர் 3

என் வீட்டுக்காரர் மணிகண்டன், துளசிங்கம் என்பவரின் படகில் கூலிக்குப் போகிறார். இன்று பாதியிலேயே வந்துவிட்டார். படகில் அந்தப் பாட்டைத்தான் போட்டிருக்கிறார்கள். நிறுத்தச் சொன்னாராம். "இன்னா மணி, உனுக்கு இன்னா வலிக்குது? இதுல உன் ஊட்டுக்காரி கீறாளா?" என்று ஒருவன் கேட்க, இவர் அடித்துவிட்டார். இனி அந்தப் படகில் இடமில்லை.

"அவன் கேட்டதுக்கு ஆமான்னு சொல்லவா? இல்லன்னு சொல்லவா? நீயே சொல்லு" என்றார் என்னிடம். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார்.

நவம்பர் 4

சோறு பொங்கினேன். சாப்பிட்டோம்.

நவம்பர் 17

ஞாயிற்றுக்கிழமை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு மூன்று படகுகள் எங்கள் திட்டுக்கே வந்தன. "தடவுற ஆளுங்க எங்கப்பா?" என்று ஒருவன் கேட்பது காதில் விழுந்தது. இன்னொருவன் போனில் பாட்டைப் போட்டான். குடும்பமாக வந்திருந்த பெண்களும் சிரித்தார்கள்.

கழுத்துவரை தண்ணீருக்குள் குந்திக்கொண்டோம். அவர்கள் போகட்டும் என்று இருந்தோம். போகவில்லை. குளிர் எடுத்தது. ஹேமாவின் உதடு நீலமாகிவிட்டது. கடைசியில் அத்தைதான் எழுந்து நின்று, "இன்னாடா பாக்கணும் உங்களுக்கு? கலீஜு பசங்களா!" என்று சேற்றை வாரி அடித்தார். அதையும் படம் எடுத்தார்கள்.

இப்போதெல்லாம் எங்கே போகிறாய் என்று கேட்டால் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. தண்ணிக்குப் போறேன் என்கிறோம். குளிக்கப் போகிற மாதிரி.

நவம்பர் 25

நான், ஹேமா, அத்தை, மூன்று பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். மனு நானே எழுதினேன். வீடியோவைப் பார்த்தால்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றார்கள். சரி என்றோம். மேசையில் போனை நிறுத்தி வைத்து நாலு பேர் பார்த்தார்கள். சத்தம் வைத்துத்தான் பார்த்தார்கள். முடிந்ததும் இன்னொரு தடவை.

ஒருவர் கேட்டார்: "இதுல நீ எதும்மா?"

யார் என்று கேட்கவில்லை. எது என்று கேட்டார்.

நான் விரலால் தொட்டுக் காட்டினேன். ஹேமா வெளியே போய்விட்டாள். "கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு இப்ப வந்து அழுதா? ஆபாசம்னா துணி இருக்கே. துணியோடதானே எடுத்திருக்காங்க" என்றார்கள். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரசீது தரவில்லை.

பஸ்ஸில் ஹேமா சொன்னது: "அண்ணி, அவனுங்க முன்னாடி நின்னப்ப எனுக்கு மறுபடியும் அந்தச் சேலையை கட்டிவுட்ட மாதிரி இருந்துச்சு."

கட்டிக்கோ என்று சொன்னவள் நான். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. காட்டியிருக்கலாம்.

டிசம்பர் 6

மழை விட்டதும் சென்னைக்குப் போனோம், நானும் அத்தையும். கம்பெனி மூன்றாவது மாடியில். கண்ணாடிக் கதவு. ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்த பிறகு சந்தோஷ் வந்தார். தண்ணீர் பாட்டில் கொடுத்தார். கெட்டவர் மாதிரி பேசவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"முகமே தெரியலையேக்கா. யாருன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

"எங்களுக்குத் தெரியுமே" என்றேன்.

"உழைப்பைக் காட்டுறேன்னு சொன்னீங்களே" என்றும் கேட்டேன். "காட்டினோமே" என்றார். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்து வந்து ஒரு வரியைக் காட்டினார். எடுத்ததை எங்கே வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று இருக்கிறதாம். "கோடிப் பேருக்கு மேல பாத்தாச்சு. இப்ப நாங்க எடுத்தாலும் நூறு இடத்துல இருக்கும்க்கா. நான் சம்பளத்துக்கு இருக்கிறவன்."

அத்தை கேட்டார்: "என் மூஞ்சியப் பாத்து பயந்து வுழுந்தானே அந்தப் பாட்டுக்காரப் பையன், அவனை இட்டுக்கினு வா. நேர்ல பயப்படறானான்னு பாக்கறேன்."

அவர் ஊரில் இல்லை என்றார் சந்தோஷ்.

இறங்கி வரும்போது லிஃப்டில் கண்ணாடி இருந்தது. அத்தை அதில் தன் முகத்தைப் பார்த்தார். உடனே திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புருஷன் செத்தபோதுகூட அழாதவர்.

டிசம்பர் 7

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

2025 ஜனவரி 20

ஹேமா வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். எளாவூர் பக்கம் ஒரு கம்பெனி. காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. தலையிலிருந்து கால்வரை நீலக் கோட்டு, குல்லா, முகத்துக்கு மூடி. பத்து மணி நேரம் நின்றபடி வேலை. கால் வீங்கியிருந்தது. வெந்நீர் வைத்து ஊற்றினேன்.

"கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும் அண்ணி. அது நல்லாகீது" என்றாள்.

தண்ணீரில் எங்களில் அவள் கைதான் வேகமான கை. சேற்றுக்குள் இறால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அவளுக்குத் தெரியும். நேற்று அவள் பறியை எனக்குக் கொடுத்துவிட்டாள்.

பிப்ரவரி 5

மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தால் சுபஸ்ரீ கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறாள். என் பறியை வாயில் கடித்துக்கொண்டு, குனிந்து, பின்பக்கத்தை ஆட்டுகிறாள். திரும்பித் தோளுக்கு மேல் பார்த்துக் கண்ணடிக்கிறாள்.

அடித்துவிட்டேன். பறி போய் விழுந்தது. அவளுக்கு எதற்கு அடி என்றே புரியவில்லை.

"ஆண்டு விழாவுக்குமா... டீச்சர் சொல்லிக்குடுத்தாங்க. எங்கூட்டுல பறி கீதுன்னு சொன்னதால என்னைத்தான் முன்னாடி நிக்க வச்சிருக்காங்க."

பத்து வயசு. அதுக்கு இடுப்புன்னு ஒண்ணு இன்னும் வரவே இல்ல. வராத இடுப்பை ஆட்டக் கத்துக்குடுத்திருக்காங்க. அதுவும் என்னை மாதிரி. என்னை மாதிரின்னு அதுக்கே தெரியாம.

நான் என்ன செய்ய வேண்டும்? பேசாமல் இருந்துவிட்டால் ஒரு நாள் ஆடிவிட்டு மறந்துவிடுவாள். யாருக்கும் எதுவும் தெரியாது. எல்லோரும் கை தட்டுவார்கள். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து தட்ட வேண்டும்.

பிப்ரவரி 7

பள்ளிக்கூடம் போனேன். தலைமையாசிரியர் தேவகி டீச்சர், டான்ஸ் சொல்லித் தருகிற டீச்சர், இரண்டு பேரும் இருந்தார்கள். அந்தப் பாட்டு வேண்டாம் என்றேன்.

"எல்லா ஸ்கூல்லயும் போடுறாங்கம்மா. பசங்களே கேட்டு வாங்குனதுதான்" என்றார் டான்ஸ் டீச்சர். "நம்ம ஏரியில எடுத்த பாட்டுன்னு பெருமையாத்தானே இருக்கு."

"டீச்சர், அதுல இடது பக்கத்துலேருந்து மூணாவது நான்" என்றேன்.

டான்ஸ் டீச்சர் கையிலிருந்த போனைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

தேவகி டீச்சர் எழுந்து வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "எனக்கு வரிகூடச் சரியாக் காதுல விழலம்மா. சின்னப் பசங்க ஆடுறாங்கன்னு விட்டுட்டேன். தப்பு என்னுது" என்றார். பாட்டை எடுத்துவிட்டார்கள்.

இத்தனை மாதத்தில் ஒருவர் தப்பு என்னுடையது என்று சொன்னது இன்றுதான். வரும் வழியெல்லாம் அழுதேன். லேசாக இருந்தது.

பிப்ரவரி 10

எழுதியதைத் திருப்பிப் படித்தேன். லேசாக இருந்ததாம்.

சுபஸ்ரீ இடைவேளையிலேயே வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். பையைக்கூட எடுக்கவில்லை. அறைக்குள் மூன்று பேர் இருந்தபோது சொன்னது எப்படியோ வெளியே போயிருக்கிறது. பிள்ளைகள் பாட்டைப் போட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. என் பிள்ளைக்கு வகுப்பில் பெயரே "மூணாவது" என்று ஆகிவிட்டது. டான்ஸ் போன கோபம் வேறு அவர்களுக்கு.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். உள்ளே வரவில்லை.

"நீ இல்லன்னுதானே சொன்ன? ஏம்மா பொய் சொன்ன?"

"உனக்கு எப்பிடிடி சொல்றது..."

"அப்பறம் ஏன் அங்க போயி நெசத்தைச் சொன்ன? யாருக்கும் தெரியாது இல்ல? மூஞ்சியே தெரியல இல்ல? நீ சொல்லாம இருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது இல்ல?"

அந்தக் கம்பெனிக்காரர் கேட்ட அதே கேள்வி. அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது.

பிப்ரவரி 21

ஆண்டு விழா. சுபஸ்ரீ போகவில்லை. நானும் போகவில்லை. பள்ளிக்கூட மைக் சத்தம் வீடுவரை கேட்டது. வேறு வகுப்புப் பிள்ளைகள், வேறு பாட்டு. அதிலும் ஒருத்தியின் இடுப்பைத்தான் பாடினார்கள். அதைப் பற்றிக் கேட்க எந்த அம்மாவும் போகவில்லை போல. அந்தப் பாட்டில் இருப்பவள் அவர்கள் ஊர்க்காரி இல்லையே.

மார்ச் 16

சுபஸ்ரீ அவள் நைனாவிடம் மட்டும்தான் பேசுகிறாள். எனக்கு வேண்டியதையும் அவரிடம் சொல்லித்தான் சொல்கிறாள்.

நான் தண்ணீருக்குப் போகிறேன். ஐந்து பேர்தான் இப்போது. ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்குவதில்லை.

ஏப்ரல் 12

மணிகண்டன் இரண்டு மாதமாகக் காட்டூர் பக்கம் வயல் வேலைக்குப் போகிறார். படகுக்குப் பழகிய உடம்பு, முதுகு பிடித்துக்கொள்கிறது. இன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆறாவது ஆஸ்டல்ல சேத்துவுடச் சொல்லுது சுபா. தூரமா இருக்கணுமாம்."

"எவ்ளோ தூரம்?"

"அதுவே போயி டீச்சராண்ட கேட்டு வந்துக்கீது. ரெண்டு பஸ்ஸு மாறணும். அங்க நம்ம ஊர்ப் பசங்க யாரும் இல்லியாம். அதைத்தான் மொதல்ல கேட்டுதாம்."

சுபஸ்ரீ சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

சரி என்று சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

மே 18

டிரங்குப் பெட்டி வாங்கினோம். அதன்மேல் பெயர் எழுதிக் கொடுத்தேன். எழுத்து நன்றாக இருக்கிறது என்று சுபஸ்ரீ சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள். மூன்று மாதத்துக்குப் பிறகு.

ஜூன் 1

சுபஸ்ரீயை விடுதியில் விட்டு வந்தோம்.

வார்டன் நல்ல மாதிரிதான். என்னைவிட இரண்டு மூன்று வயசு மூத்தவராக இருப்பார். படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பெயர், ஊர், பிறந்த தேதி. அப்பா தொழில் என்றதும் மணிகண்டன் "வயல் கூலிங்க" என்றார். எழுதினார்.

"அம்மா என்ன பண்றாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுபஸ்ரீ சொன்னாள்: "ஒண்ணும் பண்ணல மேடம். வீட்லதான் இருக்காங்க."

மணிகண்டன் என்னைப் பார்த்தார். சுபஸ்ரீ பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் அவள் கால்கட்டை விரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. வார்டன் பேனாவோடு எனக்காகக் காத்திருந்தார்.

"ஆமா மேடம்" என்றேன்.

அந்தக் கட்டத்தில் அவர் ஒரு கோடு போட்டார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

கிளம்பும்போது வாசலில் இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளோடு நின்றிருந்தார்கள். சுபஸ்ரீ எனக்குப் பக்கத்தில் வந்தாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். என் முந்தானையை மெல்ல இழுத்து, கிளிஞ்சல் கிழித்துக் கிழித்துக் கறுத்துப்போன என் இரண்டு கையையும் மூடிவிட்டாள். "போய் வாம்மா" என்றாள்.

பஸ் ஏறி, டிக்கெட் வாங்கி, பொன்னேரி வரும்வரை நான் அந்தத் துணிக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை.